குழந்தைக்கு டியூப் வழி உணவு: மருத்துவமனைக் குழு எப்படி முடிவெடுக்கிறது, பெற்றோர் எதைக் கொண்டுபோக வேண்டும்

குழந்தைக்கு டியூப் போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் டியூப்போடு படுத்திருந்த தாத்தாவோ பாட்டியோதான். அதனால் அந்தச் சொல்லே கடைசிக் கட்டம் என்ற பொருளோடு காதில் விழுகிறது. குழந்தைகள் பிரிவில் அதற்கு அந்தப் பொருள் கிடையாது. வளர்வதற்குத் தேவையான உணவு வாய் வழியே போதிய அளவு உள்ளே போகவில்லை, அல்லது போகிற உணவு போகக் கூடாத இடத்துக்குப் போகிறது. இந்த இரண்டு சிக்கல்களுக்காகத்தான் டியூப் பேச்சு எழுகிறது. இந்த முடிவை எடுக்க மருத்துவர்களும் செவிலியரும் மற்ற நிபுணர்களும் அடங்கிய மருத்துவமனைக் குழு பெற்றோரோடு கூட்டம் ஒன்று நடத்தும். அங்கே குழு கேட்கும் கேள்விகளுக்கான விடைகளில் பாதி வீட்டில்தான் இருக்கின்றன. குழு பார்ப்பது ஒரு வேளைச் சாப்பாட்டை. ஊட்டுகிற தாய் பார்ப்பது ஆண்டுக்கு ஆயிரம் வேளைகளுக்கு மேல்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழில் உணவுக்குழாய் என்றால் தொண்டையையும் இரைப்பையையும் இணைக்கும், உடலில் இயல்பாகவே உள்ள குழாய். வெளியிலிருந்து செருகுவதையும் அதே பெயரால் அழைத்தால் குழப்பமே மிஞ்சும் என்பதால், வார்டில் எல்லோரும் சொல்வதைப் போல இங்கே டியூப் என்றே எழுதுகிறேன். மூக்கு வழியே இரைப்பைக்குப் போவதை ரைல்ஸ் டியூப் என்பார்கள். 1921-இல் இவ்வகை டியூப்பை வடிவமைத்த ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஆல்ஃபிரட் ரைலின் பெயர் அது. வயிற்றுச் சுவரில் சிறு துளையிட்டு நேரே இரைப்பைக்குள் வைப்பதைப் பெக் டியூப் அல்லது வயிற்று டியூப் என்கிறார்கள்.

கூட்டம் தேவைப்படாத முடிவுகள்

சில முடிவுகள் வார்டிலேயே, சில மணி நேரத்தில் எடுக்கப்பட்டுவிடும். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன் சுமார் 34 வார வளர்ச்சியில்தான் கைகூடுகிறது என்பதால், அதற்கு முன் பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலை டியூப் வழியே கொடுப்பது வழக்கமான பராமரிப்பு. கைக்குழந்தை நெஞ்சுச் சளியால் மிக வேகமாக மூச்சு வாங்கும்போது, பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று அஞ்சி ஓரிரு நாள் ரைல்ஸ் டியூப் போடுவார்கள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டோடு சேர்க்கப்பட்ட குழந்தை, கொடுத்த பாலில் 80 சதவீதத்தைக்கூட அடுத்தடுத்த வேளைகளில் குடிக்கவில்லை என்றால் மீதியை டியூப் வழியே கொடுக்க வேண்டும் என்று சிகிச்சை வழிமுறையே எண்ணிக்கையோடு சொல்கிறது. இவற்றில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எதைப் பார்த்து டியூப்பை வெளியே எடுப்பீர்கள்?

கடினமான முடிவு வேறு வகை. மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் டியூப் தேவைப்படலாம் என்ற நிலை. மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவின் கட்டுப்பாடு குறையும் நிலை) உள்ள குழந்தைகளிடம் இது அதிகம் எழுகிறது என்பதால் இனி வருவதை அப்படிப்பட்ட ஒரு குழந்தையை மனத்தில் வைத்தே படிக்கலாம். வயது நான்கு, எடை 9 கிலோ, தலை நிற்கவில்லை, வலிப்புக்கு மருந்து நடக்கிறது, ஒரே ஆண்டில் இரண்டு முறை நிமோனியாவுக்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பாதுகாப்பாக விழுங்குகிறதா

புரையேறினால் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பது நம் பழக்கம். விழுங்குவதில் குறையுள்ள குழந்தைக்குப் புரையேறுவதைக் குழு அவ்வளவு எளிதாகக் கடந்துபோகாது. உணவோ நீரோ குரல்வளையைத் தாண்டி மூச்சுக்குழாயில் இறங்குவதுதான் புரையேறுதல். இருமல் அதை வெளியே தள்ளும் காவல். நரம்புப் பாதிப்புள்ள பல குழந்தைகளிடம் அந்தக் காவலே வேலை செய்வதில்லை. உள்ளே இறங்கினாலும் இருமல் வராது. எனவே, சாப்பிடும்போது இருமவே மாட்டாள் என்று ஒரு தாய் நிம்மதியாகச் சொல்வதை, விழுங்கல் சிக்கல்களைப் பார்க்கும் பேச்சுப் பயிற்சியாளர் அதே நிம்மதியோடு கேட்டுக்கொள்வதில்லை.

அவர் கவனிப்பது வேறு அடையாளங்களை. நாலைந்து வாய் உண்ட பிறகு குழந்தை எழுப்பும் ஒலியில் தொண்டையில் நீர் தேங்கியது போன்ற கொரகொரப்பு இருக்கிறதா, கண்கள் கலங்குகின்றனவா, மூக்கின் வழியே உணவு வருகிறதா, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே மூச்சு வேகமெடுக்கிறதா என்று பார்ப்பார். ஊட்டுகிற முறையையும் பார்ப்பார். மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுவது நம் வீடுகளில் தலைமுறை வழக்கம். விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு அந்தச் சாய்வு மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பதற்குச் சமம். உட்காரும் நிலையை நேராக்கி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தண்ணீர் போன்றதைக் கஞ்சிப் பதத்துக்குக் கெட்டியாக்கியதும் சிக்கல் பாதியாகக் குறைந்த குழந்தைகள் உண்டு. இதைச் செய்து பார்க்காமலேயே டியூப் பற்றிப் பேசத் தொடங்கும் குழுவிடம், முதலில் இதற்கு நேரம் கேட்பது பெற்றோரின் உரிமை.

சந்தேகம் தீரவில்லை என்றால் விழுங்குவதை எக்ஸ்-ரே வீடியோவாக எடுக்கும் பரிசோதனை இருக்கிறது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, எக்ஸ்-ரேயில் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த நீரையும் கூழையும் மசித்த சோற்றையும் ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்க, திரையில் அது கறுப்புக் கோடாக நாக்கின் மேல் நகர்ந்து, தொண்டையில் சற்றுத் தயங்கி இறங்குவது தெரியும். கோட்டின் ஒரு கீற்று முன்பக்கமாகப் பிரிந்து மூச்சுக்குழாய்ப் பக்கம் வழிகிறதா என்பதே கேள்வி. வீட்டில் பழகிய கரண்டியையும், குழந்தை விரும்பிச் சாப்பிடும் உணவையும் கொண்டுபோங்கள். அறிமுகமில்லாத கரண்டிக்கு வாயைத் திறக்காத குழந்தையால் பரிசோதனை வீணாவது அடிக்கடி நடப்பதுதான். இது சில நிமிடங்களின் படம் மட்டுமே என்பதையும் மறக்க வேண்டாம். காலையில் தெம்பாக இருக்கும்போது நன்றாக விழுங்கிய குழந்தை இரவு ஏழு மணிக்குச் சோர்ந்துபோய்த் தடுமாறலாம். அந்த ஏழு மணியை வீட்டிலேயே கைபேசியில் பத்து நிமிடம், குழந்தையின் முகமும் கழுத்தும் தெரிய, ஒலியோடு பதிவு செய்து காட்டுவது பல நேரங்களில் அறிக்கையைவிட அதிகம் சொல்லும். எக்ஸ்-ரே வீடியோ எடுக்கும் வசதி எல்லா ஊர்களிலும் கிடையாது. இல்லாத இடத்தில் மீண்டும் மீண்டும் வந்த நிமோனியாவும், நெஞ்சு எக்ஸ்-ரேக்களும், சாப்பிடும்போது விரலில் மாட்டிய கருவி காட்டும் ஆக்சிஜன் அளவும் அந்தக் கறுப்புக் கோட்டின் இடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

போதுமான அளவு போகிறதா, எவ்வளவு நேரத்தில்

இரண்டாவது கேள்வி எண்களோடு வருகிறது. குழந்தைகளின் இரைப்பை-குடல் மருத்துவத்துக்கான ஐரோப்பியச் சங்கத்தின் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டல், தேவையான உணவில் 60 முதல் 80 சதவீதத்தைக்கூடப் பத்து நாட்களுக்கு மேல் வாய் வழியே எடுக்க முடியாவிட்டால் டியூப்பைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு மாதத்துக்கு மேலும், அதற்கு மேற்பட்ட வயதில் மூன்று மாதங்களுக்கு மேலும் எடை ஏறாமலிருப்பதும் அதே எச்சரிக்கை. எனவே ஒரு நாள் எடை எதையும் தீர்மானிக்காது; எடைகளின் வரிசைதான் தீர்மானிக்கும். அங்கன்வாடி அட்டை, தடுப்பூசி அட்டை, பழைய டிஸ்சார்ஜ் சுருக்கம் என எடை எழுதப்பட்ட எந்தத் தாளையும் விடாமல் சேர்த்துக் கொண்டுபோங்கள். நிற்க முடியாத குழந்தையின் உயரத்தைச் சரியாக அளக்க முடியாது என்பதால் உணவியல் நிபுணர் முழங்காலிலிருந்து குதிகால் வரை அளப்பார். மேற்கையின் பின்புறத் தோலை மடித்துக் கொழுப்பின் தடிமனைப் பார்ப்பார். இவை செய்யப்படாமல், எடை குறைவு என்ற ஒரே வரியோடு முடிவு வந்தால் ஏன் என்று கேட்கலாம்.

நேரக் கணக்கைப் பெற்றோர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்ட குழந்தைக்கு ஒரு வேளைக்கு 50 நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை என்றால் 250 நிமிடம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மேலே சொன்ன வழிகாட்டல், மாற்றுத்திறன் குழந்தைக்கு ஊட்டவே நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆவதையும் டியூப்புக்கான காரணமாகக் கொள்கிறது. பேச்சுப் பயிற்சியாளர்கள் அதற்கும் முன்பே, ஒவ்வொரு வேளையும் வழக்கமாக அரை மணி நேரத்தைத் தாண்டினாலே கவனிக்கத் தொடங்குகிறார்கள். இதில் ஊட்டுகிறவரின் பொறுமை சோதிக்கப்படவில்லை. அவ்வளவு நேரம் மெல்லவும் விழுங்கவும் போராடும் குழந்தை உள்ளே போன சக்தியில் ஒரு பகுதியை அந்தப் போராட்டத்திலேயே செலவழிக்கிறது. பள்ளிக்கும் பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் உரிய நேரமும் தட்டின் முன்னாலேயே தீர்ந்துபோகிறது.

அதனால் கூட்டத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள், எப்போது முடிந்தது, கிண்ணத்தில் எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு மிஞ்சியது, எவ்வளவு துணியிலும் தாடையிலும் வழிந்தது, எதுக்களித்ததா, எத்தனை முறை சிறுநீர் போனது. அரை டம்ளர் என்று எழுதுவதைவிட, மருந்துக் கடையில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சால் அளந்து எழுதுவது மேல். வலிப்பு மருந்து ஒவ்வொரு வேளையும் முழுவதுமாக உள்ளே போகிறதா என்பதையும் குறியுங்கள். பல குழந்தைகளுக்கு டியூப் பற்றிய பேச்சு மருந்திலிருந்துதான் தொடங்குகிறது.

எந்த டியூப்

டியூப் என்று முடிவானால், எவ்வளவு காலத்துக்கு என்பதே வகையைத் தீர்மானிக்கிறது. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடியும் என்றால் ரைல்ஸ் டியூப்; அதற்கு மேல் போகும் என்றால் வயிற்று டியூப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ரைல்ஸ் டியூப்புக்கு அறுவைச் சிகிச்சை வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம், இன்றே போட்டு இன்றே எடுக்கலாம். வயிற்று டியூப் பயன்படுமா என்பதை முன்னோட்டமாகப் பார்க்கவும் அது உதவும்: ஆறு வாரத்தில் எடை ஏறுகிறதா, எதுக்களிப்பு கூடுகிறதா, வீடு சமாளிக்கிறதா என்று தெரிந்துவிடும். குறைகளும் வெளிப்படையானவை. குழந்தை இழுத்துப் போடும், பிளாஸ்திரி ஒட்டிய கன்னம் புண்ணாகும், மூக்கடைப்பு தீராது, ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அழுகை. தற்காலிகம் என்று போட்டதை யாரும் மறுபரிசீலனை செய்யாமல் மாதக்கணக்கில் ஓட்டுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு என்பது என் கருத்து.

ரைல்ஸ் டியூப்போடு வீட்டுக்குப் போவதாக இருந்தால், அதன் முனை இரைப்பையில்தான் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் எப்படி உறுதிசெய்வது என்பதைக் கற்றுக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் முறையை இன்னும் சிலர் கற்றுக்கொடுக்கிறார்கள். முனை நுரையீரலில் இருந்தாலும் அதே ஒலி கேட்கக்கூடும் என்பதால் பிரிட்டனில் 2005-இலேயே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். டியூப்பிலிருந்து சில துளி இரைப்பை நீரை உறிஞ்சி அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் விட்டு, 5.5 அல்லது அதற்குக் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க எளிய வழி. சந்தேகம் இருந்தால் எக்ஸ்-ரே. அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்குத் தாளின் எண் கூடுதலாகக் காட்டலாம் என்பதைச் செவிலியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வயிற்று டியூப்பை வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல் வைக்கும் முறை குழந்தைகள் மருத்துவத்தில் பிறந்ததே. 1979 ஜூனில், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல் காடரர், ஜெஃப்ரி பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் நான்கரை மாதக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலில் இதைச் செய்தார்கள். வாய் வழியே எண்டோஸ்கோப்பை (விளக்கோடு கூடிய, உள்ளே பார்க்க உதவும் வளையும் குழாயை) இரைப்பைக்குள் இறக்கி, அறையின் விளக்குகளைக் குறைத்தால், எண்டோஸ்கோப்பின் ஒளி வயிற்றுத் தோலின் மேல் சிவப்பாகத் தெரியும். இரைப்பையும் வயிற்றுச் சுவரும் ஒட்டியிருக்கும் அந்த இடத்தில்தான் ஊசி. முதுகெலும்பு மிகவும் வளைந்து இரைப்பை இடம் மாறியிருந்தாலோ, இடையில் குடலோ கல்லீரலோ வந்தாலோ இந்த வழி பொருந்தாது. அப்போது குழந்தைகள் அறுவைச் சிகிச்சை நிபுணர் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலமோ வயிற்றைத் திறந்தோ வைப்பார். மயக்க மருந்து நிபுணர் கூட்டத்தில் இருப்பது இதனால்தான். நுரையீரல் ஏற்கெனவே நலிந்த குழந்தைக்கு எந்த வாரத்தில் மயக்கம் கொடுப்பது பாதுகாப்பானது என்பது அவர் சொல்ல வேண்டியது.

கடுமையான எதுக்களிப்புள்ள சிலருக்கு முனையை இரைப்பையையும் தாண்டிச் சிறுகுடலில் வைப்பார்கள். குடலுக்குச் சேமித்து வைக்கும் பை கிடையாது என்பதால் அங்கே ஒரே மூச்சில் ஊற்ற முடியாது; மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். வீட்டு வாழ்க்கையை இது வெகுவாகக் கட்டிப்போடும்.

டியூப் எதைச் செய்யாது

இதை யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள், ஏனென்றால் பின்னால் வரும் ஏமாற்றங்கள் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன. வயிற்று டியூப் உணவைச் சுற்றுவழியில் கொண்டுபோகிறதே தவிர, குழந்தை தன் எச்சிலையே தவறாக விழுங்குவதை நிறுத்தாது. இரைப்பையிலிருந்து மேலே எதுக்களிப்பதையும் நிறுத்தாது. ஆகவே நிமோனியா குறையலாம், முற்றிலும் நின்றுவிடும் என்று உறுதி கூற முடியாது. எடை ஏறும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 2005-இல் வெளியான, மூளை முடக்குவாதமுள்ள 57 குழந்தைகளை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு ஒன்றில் எடை தெளிவாகக் கூடியது. ஆனால் டியூப் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றுகூட இல்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013-ஆம் ஆண்டு மதிப்பாய்வு பதிவு செய்தது. அசைவு குறைந்த குழந்தைக்குத் தேவையான கலோரியும் குறைவு என்பதால், எடை கூடுவது தசையாக அல்லாமல் கொழுப்பாகவே சேரும் அபாயமும் உண்டு. தூக்கிக் குளிப்பாட்டுகிற தாயின் முதுகுக்கு அது சிறிய விஷயம் அல்ல. எந்த எடையை இலக்காக வைத்திருக்கிறீர்கள் என்று உணவியல் நிபுணரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வீட்டைப் பற்றிய கேள்விகள்

குழு தன் பங்குக்கு வீட்டைப் பற்றிக் கேட்கும். யார் ஊட்டுவார், அவர் ஊருக்குப் போனால் யார், குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா, பள்ளியிலோ பயிற்சி மையத்திலோ மதிய உணவை யார் கொடுப்பார், இரவில் டியூப் கழன்றுவிழுந்தால் எவ்வளவு நேரத்தில் மருத்துவமனையை அடைவீர்கள். இந்தக் கடைசிக் கேள்வி விளையாட்டல்ல: வயிற்றுத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கி மூடத் தொடங்கும். துளை ஆறிப் பாதை உறுதியாவதற்கு முன், அதாவது முதல் சில வாரங்களில் கழன்றால் வீட்டில் திரும்பச் செருகவே கூடாது. குடும்பத்தில் இரண்டு பேராவது, செவிலியர் கை வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்க, ஒரு வேளை உணவை முழுவதும் தாங்களே கொடுத்துக் காட்டிய பிறகே வீட்டுக்குப் போவது நல்லது.

செலவை வெட்கப்படாமல் பேசுங்கள். டியூப்பின் விலை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், காப்பீட்டில் எவ்வளவு வரும் என்பவற்றைக் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். டப்பாவில் வரும் தயாரிப்புகளைத்தான் கொடுக்க வேண்டுமா, வீட்டில் அரைத்துக் கொடுக்கலாமா என்பதும் முன்பே தெரிய வேண்டும். கேழ்வரகுக் கூழ், வேகவைத்த பருப்பு, காய், எண்ணெய் சேர்த்து மிக்ஸியில் அரைத்து வடிகட்டிக் கொடுக்கலாம். ஆனால் மெல்லிய டியூப்பில் அது அடைத்துக்கொள்ளும். வீட்டு உணவுதான் திட்டம் என்றால் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள், அதற்கேற்ற அகலத்தில் வைப்பார்கள்.

வேண்டாம் என்று தோன்றினால்

வாயால் சாப்பிடாத பிள்ளைக்கு என்ன சுகம் என்று பாட்டி கேட்பார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. டியூப் வைப்பதால் வாய் மூடப்பட வேண்டும் என்பதில்லை. விழுங்குவது ஓரளவு பாதுகாப்பாக இருந்தால், வயிற்றை டியூப் நிரப்ப, பாயசத்தில் ஒரு துளியும் ரசத்தில் ஒரு கரண்டி நுனியும் சுவைக்காக வாயில் தரலாம். எந்தப் பதத்தில், எவ்வளவு என்பதைப் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். வாயால் எதுவும் சாப்பிடாத குழந்தைக்கும் பல் துலக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் தயக்கம் இருந்தால், மறுப்பதற்குப் பதிலாகக் காலவரம்பு கேளுங்கள். ஆறு வாரம், உணவில் எண்ணெய், நெய் சேர்த்துச் சக்தியைக் கூட்டுவது, உட்காரும் நிலையை மாற்றுவது, எதுக்களிப்புக்கு மருந்து. ஆறு வார முடிவில் எந்த எடை வந்தால் தொடர்வது, எது வராவிட்டால் டியூப் என்று இரு தரப்பும் இன்றே எழுதிவைத்துக்கொள்வது. எண்ணை முன்கூட்டியே எழுதாவிட்டால் ஆறு வாரம் ஆறு மாதமாகிவிடும். அதே ஐரோப்பியச் சங்கம் 2017-இல், பாதுகாப்பாகவோ போதுமானதாகவோ வாயால் உண்ண முடியாத நிலையில், ஊட்டச்சத்துக் குறைபாடு வருவதற்கு முன்பே டியூப் தொடங்குவது விரும்பத்தக்கது என்று எழுதியிருக்கிறது. வற்றி உலர்ந்த பிறகு அறுவைக்குப் போகும் குழந்தைக்கு மயக்கமும் ஆபத்து, புண் ஆறுவதும் தாமதம்.

குணமாகாத, ஆயுளைச் சுருக்கும் நோயுள்ள குழந்தைக்கு இந்தக் கணக்குகள் மாறுகின்றன. அங்கே எடையைவிட, குழந்தை வலியின்றி இருப்பதே இலக்காகலாம், டியூப் வேண்டாம் என்பதும் மருத்துவரீதியாக ஏற்கத்தக்க விடையாகலாம். வலி தணிப்புப் பராமரிப்புக் குழுவைக் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதான, புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளை என்றால் அவனையே அல்லது அவளையே உட்காரவைத்துக் கேட்க வேண்டும்; சட்டப்படி கையெழுத்து பெற்றோருடையதாக இருந்தாலும், இரவு பகலாக டியூப்போடு இருக்கப்போவது அந்த உடல்.

கூட்டம் முடியும்போது மறுபரிசீலனைத் தேதி ஒன்று கோப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். விழுங்கும் திறன் மேம்படும் குழந்தைகளுக்கு டியூப் உணவைச் சிறிது சிறிதாகக் குறைத்து, பசியை வரவைத்து, வாய்க்குத் திருப்புவார்கள். வாய் உணவு முழுமையான அன்றே டியூப்பை எடுத்துவிட மாட்டார்கள். சில மாதங்கள் அதைத் தொடாமலே எடை நிற்கிறதா, இடையில் வரும் ஒரு காய்ச்சலையும் டியூப்பின் துணையின்றிக் குழந்தை கடக்கிறதா என்று பார்த்த பிறகே எடுப்பார்கள்.